குடிலின் ஒளி வைக்கோலிலிருந்து வரட்டும்

மலையகத் தோட்டக் கோவில்களில் பாலன் குடில் கட்டும் தம்பி, தங்கைகளுக்கு,



இன்னும் சில கிழமைகளில் நீங்கள் குடில் வேலையைத் தொடங்கிவிடுவீர்கள். அட்டனிலும் டிக்கோயாவிலும் பொகவந்தலாவையிலும் மஸ்கெலியாவிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் மானாப்புல் அறுக்கவும் பலகை தேடவும் கிளம்பிவிடுவீர்கள். வேலை முடிந்து வந்த களைப்பையும் மழையையும் பார்க்க மாட்டீர்கள். கரோல் பாடி லயம் லயமாகச் சேர்த்த காசில் சோடனைச் சாமான் வாங்கக் கடைக்குப் போவீர்கள். அந்தக் காசைச் செலவழிப்பதற்கு முன் இந்த மடலை ஒருமுறை வாசியுங்கள். உங்களிடம் ஒன்றைக் கேட்கத்தான் எழுதுகிறேன். உங்கள் குடிலுக்கு வெளிச்சம் எங்கிருந்து வரவேண்டும் என்பதை இந்த வருஷம் நீங்களே யோசித்துத் தீர்மானிக்க வேண்டும்.

நம் கோவில்களில் இப்போது எழும்பும் குடில்களை நினைத்துப் பாருங்கள். கூரை முழுக்க மின்னி மின்னி அணையும் கலர் பல்புகள். உச்சியில் பெரிய நட்சத்திரம். தரையெல்லாம் பஞ்சில் செய்த பனி. உள்ளே வெண்சாந்தில் வார்த்த சுரூபங்கள். வெளுத்த முகம், நீலக் கண், பொன்னிற முடி. இத்தனை வெளிச்சத்துக்கும் நடுவே குழந்தை மட்டும் இருட்டில் கிடக்கிறது. மேலே பல்பு சிவப்பாக எரிந்தால் அதன் முகம் சிவப்பு. பச்சையாக எரிந்தால் பச்சை. குழந்தைக்கென்று ஒரு வெளிச்சம் கிடையாது.

இதைப் பார்க்க லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் வருகிறார்கள். கிறிஸ்தவப் பிள்ளைகளோடு, அடுத்த காம்பராவில் மாரியம்மனைக் கும்பிடும் பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்கள் என்ன கற்றுக்கொண்டு திரும்புகிறார்கள்? கடவுள் பிறந்தது பனி கொட்டும் ஏதோ தூர தேசத்தில். அவருடைய அம்மாவுக்கு நம் அம்மாவின் சாயல் இல்லை. வெளிச்சம் என்பது கூரைக்கு மேலே இருப்பது, காசு கொடுத்து வாங்குவது. கைகட்டி நின்று பார்த்துவிட்டுப் போவது மட்டுமே நம் பங்கு. இந்தப் பாடத்தை நீங்கள் வேண்டுமென்று கற்பிக்கவில்லை. நமக்கு முன்னால் இருந்தவர்கள் கட்டியதைப் பார்த்து நாமும் கட்டினோம். ஆனாலும் வருஷா வருஷம் அந்தப் பாடம் நடந்துகொண்டே இருக்கிறது. அதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

இத்தாலிய ஓவியங்களில் இருப்பதைத்தானே வைக்கிறோம் என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். அப்படியானால் அந்த ஓவியங்களையே போய்ப் பார்ப்போம். அவை சொல்வது வேறு.

கண்டி மறைமாவட்டத்துக்கும் இத்தாலியின் ஒரு சிறிய மலைநகரத்துக்கும் பழைய உறவு உண்டு. நம் மலைநாட்டில் நீண்ட காலம் மறைப்பணி செய்தவர்கள் சில்வெஸ்திரீன் பெனடிக்ற் சபைத் துறவிகள். அந்தச் சபை 1231 இல் ஃபாப்ரியானோ என்ற ஊரை அடுத்த மொந்தே ஃபானோ மலையில் தொடங்கியது. அதன் துறவிகள் 1845 இல் இலங்கைக்கு வந்தார்கள். கண்டியின் முதல் ஆயர் கிளெமெந்தே பஞ்ஞானி அந்தச் சபையைச் சேர்ந்தவர்தான். அதே ஃபாப்ரியானோவின் பிள்ளைதான் ஜென்தீலே என்ற ஓவியர். துறவிகளின் செபம் நம்மிடம் வந்து சேர்ந்தது. அவர்களுடைய ஊர்க்காரர் தீட்டிய இரவு நம் குடில்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அந்த இரவைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1423 இல் ஜென்தீலே ஃபுளோரன்ஸ் நகரத்துச் சாந்தா திரினித்தா கோவிலுக்கு ஒரு பெரிய பீட ஓவியம் செய்து கொடுத்தார். செய்வித்தவர் பெருஞ்செல்வரான பல்லா ஸ்திரோட்சி. இன்று அது அதே நகரின் உஃபீட்சி கலைக்கூடத்தில் இருக்கிறது. மேலே, அகன்ற பரப்பில், மூன்று அரசர்கள் பரிவாரத்தோடு வருகிறார்கள். பொன்முடி, பொன் இழைத்த அங்கி, குதிரைகள், வேட்டை நாய்கள், குரங்குகள் என்று கண்ணைப் பறிக்கும் ஊர்வலம். அந்தப் பெரிய படத்தைத் தாங்கி நிற்கும் அடிப்பலகையில் சின்னச் சின்னதாக வேறு படங்கள். அவற்றில் ஒன்று பாலன் பிறந்த இரவு.

அந்தச் சின்னப் படத்தில் வானம் கறுத்துக் கிடக்கிறது. குழந்தைக்குத் தொட்டில்கூட இல்லை; வெறுந்தரையில் கிடக்கிறது. அதன் உடம்பிலிருந்து ஒளி கிளம்புகிறது. முழந்தாளிட்டிருக்கும் மரியாளின் மேல் அந்த ஒளி படுகிறது. பின்னால் மாடும் கழுதையும் நிற்கும் இடத்தில் படுகிறது. சூசையப்பர் களைத்துப்போய்த் தூங்குகிறார். ஒருபக்கத்தில் பிள்ளைப்பேறு பார்க்க வந்த இரண்டு பெண்கள். அவர்களில் ஒருத்தியும் தூங்கிவிட்டாள். மேலே இருக்கும் அரசர்களின் பொன் மின்ன வேண்டுமென்றால் கோவிலுக்குள் யாராவது மெழுகுதிரி ஏற்றிக் கொண்டுவர வேண்டும். கீழே இருக்கும் இந்த இரவுக்கு அது தேவையில்லை. அதன் வெளிச்சம் தரையில் கிடக்கும் குழந்தையிடமே இருக்கிறது. செல்வர் ஒருவர் காசு கொடுத்துச் செய்வித்த ஓவியத்தில், அவர் பெருமைப்படும் பொன்னுக்குக் கீழே, ஜென்தீலே இதைச் செய்து வைத்தார்.

இந்த எண்ணம் ஓவியர்களுக்கு வந்த வழி உண்டு. சுவீடன் தேசத்துப் புனித பிரிஜித்தா 1372 இல் பெத்லகேமுக்கு யாத்திரை போனார். அங்கே பாலன் பிறப்பைக் காட்சியாகக் கண்டதாகச் சொன்னார். சூசையப்பர் எரியும் மெழுகுதிரி ஒன்றைக் கொண்டுவந்து சுவரில் பொருத்தினாராம். குழந்தை பிறந்ததும் அதிலிருந்து எழுந்த ஒளியில் மெழுகுதிரியின் சுடர் இருந்த இடமே தெரியாமல் போயிற்றாம். அந்தக் காட்சி ஓவியர்களின் பட்டறைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கு முன் 1305 அளவில் ஜொத்தோ பாதுவா நகரில் தீட்டிய பிறப்பைப் பாருங்கள்: மாதா படுத்திருக்கிறார், வானம் நீலமாக விரிந்திருக்கிறது, வெளிச்சம் எங்கும் ஒரே சீராக இருக்கிறது. பிரிஜித்தாவுக்குப் பிறகு மாதா முழந்தாளிடத் தொடங்கினார். இரவு இரவாக இருட்டத் தொடங்கியது. வெளிச்சம் வானத்தை விட்டு இறங்கி வைக்கோலுக்கு வந்தது.

ஜென்தீலேக்கு நூறு வருஷம் கழித்துக் கொரெஜ்ஜோ வந்தார். ரெஜ்ஜோ எமிலியா நகரின் சான் பிரோஸ்பெரோ கோவிலுக்காக 1522 இல் ஒப்பந்தம் செய்து, 1530 அளவில் முடித்துக்கொடுத்த ஓவியம் இன்று ஜேர்மனியின் திரெஸ்டன் நகரில் இருக்கிறது. புனித இரவு என்பது அதன் பெயர். மாதா குழந்தையின் மேல் குனிந்திருக்கிறார். அவருடைய முகம் முழுவதும் கீழிருந்து வரும் ஒளியில் நனைந்திருக்கிறது. மேலே பறக்கும் தூதர்களுக்கும் வெளிச்சம் கீழிருந்துதான் போகிறது. வானதூதர்கள் வெளிச்சம் தரவில்லை, குழந்தையிடமிருந்து வாங்கிக்கொள்கிறார்கள். தூரத்து அடிவானத்தில் விடியல் மெல்லத் தொடங்குகிறது, ஆனால் அது இந்த ஒளிக்கு ஈடாகவில்லை.

அந்த ஓவியத்தில் நீங்கள் நின்று பார்க்க வேண்டியது வேறொருத்தியை. இடையர்களோடு கூடையும் கையுமாக ஒரு பெண் நிற்கிறாள். ஒளி தாங்காமல் கையை முகத்துக்கு நேரே உயர்த்துகிறாள். கண் கூசுகிறது, ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவளை உங்களுக்குத் தெரியும். பெரட்டு முடிந்து மலையேறும்போது கிழக்கு வெயில் முகத்தில் அடித்தால், ஒரு கையால் கூடைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கண்ணை மறைக்கும் நம் அம்மாதான் அவள். நானூற்றுத் தொண்ணூறு வருஷங்களுக்கு மேலாக அவள் அங்கே நின்றுகொண்டிருக்கிறாள். அவளுக்கு நம் குடிலில் இடம் கொடுக்காதவர்கள் நாம்தான்.

கரவாஜ்ஜோவையும் சொல்ல வேண்டும். 1609 இல் அவர் சிசிலித் தீவின் மெசீனா நகரில் கப்புச்சின் துறவிகளின் கோவிலுக்காக இடையர் வணக்கத்தைத் தீட்டினார். இதில் ஒளி குழந்தையிடமிருந்து வரவில்லை; வெளியிலிருந்து சாய்வாக வந்து விழுகிறது. எவற்றின் மேல் விழுகிறது என்று பாருங்கள். மாதா சிம்மாசனத்தில் இல்லை, நாற்காலியிலும் இல்லை. பிள்ளையை அணைத்துக்கொண்டு தரையிலேயே சாய்ந்து கிடக்கிறார். பிள்ளை பெற்ற களைப்பு உடம்பு முழுக்கத் தெரிகிறது. எதிரே இடையர்கள், ஒருவரின் தோள் வெறுமையாக இருக்கிறது. முன்னால் ஓரத்தில் ஒரு கூடை. அதற்குள் தச்சுக் கருவிகள், ஒரு வெள்ளைத் துணி, ரொட்டி. இவைதான் அந்தக் குடும்பத்தின் சொத்து. வெள்ளைத் துணி குழந்தைக்குப் பின்னாளில் வரப்போகும் சாவுத் துணியை நினைவூட்டும், ரொட்டி நற்கருணையை நினைவூட்டும் என்று விளக்கம் சொல்வார்கள். இருக்கட்டும். ஆனால் முதலில் அது ஒரு தொழிலாளியின் கருவி. ஒரு ஏழை வீட்டுச் சாப்பாடு. நம் வீட்டில் அந்தக் கூடைக்குள் கவ்வாத்துக் கத்தியும் கோதுமைமா ரொட்டியும் இருக்கும்.

சாந்தா திரினித்தா கோவிலிலேயே இன்னொரு பிறப்பு ஓவியம் இருக்கிறது. 1485 இல் கிர்லாந்தாயோ தீட்டியது. அதில் ஓர் உரோமக் கல்லறைப் பெட்டிதான் மாட்டுத் தீனித் தொட்டியாக இருக்கிறது. கூரையைத் தாங்கும் தூண்கள் பழைய கட்டடங்களிலிருந்து மிஞ்சியவை. பழைய அதிகாரம் செத்துவிட்டது, அதன் பிணப்பெட்டியிலிருந்து மாடு தின்னட்டும் என்று ஓவியர் சொல்கிறார். முழந்தாளிட்டுக் குழந்தையைச் சுட்டிக்காட்டும் இடையனுக்குத் தன் முகத்தையே வைத்திருக்கிறார் கிர்லாந்தாயோ. பெத்லகேமுக்குப் போக அவர் யாருடைய அனுமதியையும் கேட்கவில்லை. தன் ஊரையும் தன் மனிதரையும் தன்னையும் அந்த இரவுக்குள் கொண்டுபோய் வைத்தார். இத்தாலியர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். பெத்லகேமைச் சுற்றித் தங்கள் குன்றுகளை எழுப்பினார்கள். அவர்களைப் பின்பற்றுவதாகச் சொல்லும் நாம், அவர்கள் செய்த இந்த ஒரு காரியத்தைத்தான் விட்டுவிட்டோம்.

ஆகவே அந்த ஓவியங்கள் உங்களுக்குச் சொல்வது இதுதான். ஒளி மிகத் தாழ்ந்த இடத்தில் பிறக்கிறது. அது முதலில் தொடுவது பிள்ளை பெற்ற தாயையும் ராவேலை செய்யும் கூலிக்காரரையும். வானதூதர்களுக்குக்கூட அது அங்கிருந்துதான் போகிறது. இந்த உண்மையை மலையகத்தைவிட நன்றாக அறிந்த நாடு எது?

நம் ஆறுகளைப் பாருங்கள். பொறியியலாளர் விமலசுரேந்திர 1918 இல் எழுதிவைத்த திட்டத்தின் வழியில் லக்சபான நீர்மின் நிலையம் 1950 இல் இயங்கத் தொடங்கியது. பிறகு காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை என்று நீர்த்தேக்கங்கள் எழுந்தன. பழைய மஸ்கெலியாப் பட்டினம் தண்ணீருக்குள் போயிற்று. 2012 இல் தலவாக்கலையில் மேல் கொத்மலை வந்தது. கொழும்பின் தெருவிளக்குகளை நம் மலைத்தண்ணீர் எரித்தது. அந்த நீர்த்தேக்கங்களின் கரையிலிருந்த லயங்களில் அப்போதும் நெடுங்காலம் குப்பி லாம்புதான் எரிந்தது. அந்தப் புகையில் படித்து ஆசிரியரானவர்கள் உங்கள் தோட்டத்திலும் இருப்பார்கள். வெளிச்சம் கீழேயிருந்து மேலே போகிறது என்பதை நிரூபிக்க நமக்கு வேறு சான்று வேண்டாம்.

பாலனின் கதையிலும் நம் கதை இருக்கிறது. உரோமப் பேரரசன் குடிமக்களைப் பதிவு செய்யச் சொன்னதால்தான் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி ஊர்விட்டு ஊர் நடந்தாள் என்று லூக்கா எழுதிவைத்தார். பதிவேடு என்றால் என்ன என்று நம் பாட்டன்மாருக்குத் தெரியும். 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. ஜென்தீலேயின் அடிப்பலகையில் பிறப்பின் பக்கத்திலேயே இன்னொரு படம் இருக்கிறது: தாயும் பிள்ளையும் கழுதையில் ஏறி எகிப்துக்கு ஓடுகிறார்கள். பிறந்த வீட்டை விட்டு ஓடும் அந்தப் பாதையின் மேலே ஜென்தீலே பொன்னில் ஒரு சூரியனை வைத்தார். மலைச்சரிவுகள் அந்த வெயிலில் மின்னுகின்றன. தலைமன்னாருக்கு ரயிலேறிய நம் சனங்களின் பாதையை அப்படி யாரும் இன்னும் நம் கோவில் சுவரில் தீட்டவில்லை. 2023 இல், மலையகத்தின் 200 ஆண்டுகளை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்களில் உங்கள் வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். நடந்த கால்களுக்குத் தீட்டவும் தெரியும் என்று நான் நம்புகிறேன்.

முன்மாதிரி நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஓவியர் டேவிட் பெயின்ரரின் பெற்றோர், ஆங்கிலேய மிசனரியான தகப்பனும் சிங்களத் தாயும், நுவரெலியாவில் பிள்ளைகளுக்கான இல்லம் நடத்தினார்கள். டேவிட் கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்து, இலண்டன் ரோயல் அக்கடமிக்குப் போய், பிறகு இத்தாலியிலும் கற்றார். திரும்பி வந்து தன் பழைய கல்லூரியின் சிற்றாலயச் சுவர்களில் நான்கு பெரிய ஓவியங்களைத் தீட்டினார். இத்தாலியில் கற்றவர் அங்கிருந்து வெள்ளை முகங்களைக் கொண்டுவரவில்லை. இந்த மண்ணின் நிறத்தில், தாடியில்லாத ஒரு கிறிஸ்துவைச் சிலுவையில் வைத்தார். கண்டிக்குப் போகும்போது அந்தச் சிற்றாலயத்துக்குப் போய்ப் பாருங்கள்.

பொகவந்தலாவைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொன்று சொல்கிறேன். அங்குள்ள புனித மரியாள் ஆலயத்துக் கல்லறையில் யூலியா மார்கரெற் கமரூன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர். இத்தாலிய ஓவியங்களைப் பார்த்துப் பார்த்து, அவற்றின் ஒளியைப் புகைப்படத்தில் கொண்டுவர முயன்றவர். இங்கிலாந்தில் தன் வீட்டு வேலைக்காரப் பெண்ணான மேரி ஹில்லியரை மாதாவாக நிறுத்திப் படம் எடுத்தார். வேலைக்காரியின் முகம் மாதாவின் முகமாயிற்று. 1875 இல் இலங்கைக்கு வந்தார். 1879 இல் இங்கேயே இறந்தார். இங்கிருந்தபோது நம் தோட்டத் தமிழரையும் படம் எடுத்தார். அவற்றில் கொஞ்சமே மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் இருக்கும் நம் மூதாதையரில் பெரும்பாலோரின் பெயர் எழுதப்படவில்லை. வேலைக்காரி மேரியின் பெயர் உலகத்துக்குத் தெரியும்; நம் பாட்டிமாரின் முகம் மட்டும் மிஞ்சியது, பெயர் மிஞ்சவில்லை. இந்தக் குறையை நீங்கள் எழுதித் தீர்க்க முடியும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

லயத்தைப் போய்க் கோவிலுக்குள் கொண்டுவருவதா, அது அசிங்கம் அல்லவா என்று பெரியவர்கள் கேட்பார்கள். அவர்களிடம் பணிவாகவே சொல்லுங்கள். முதல் குடிலைக் கட்டியவர் அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ். 1223 நத்தார் இரவில், கிரெச்சியோ என்ற மலையூரின் குகையொன்றில், வைக்கோல் நிரப்பிய தீனித் தொட்டியும் உயிருள்ள மாடும் கழுதையும் வைத்தார். ஊர்ச் சனங்கள் தீவட்டி ஏந்தி மலையேறி வந்தார்கள். அந்தக் குடிலில் பொன்னும் இல்லை, சாந்துச் சுரூபமும் இல்லை. மாட்டு மூச்சுப்பட்ட இடத்தில்தான் திருப்பலி நடந்தது. கடவுளுக்கு மாட்டுப்பட்டி அசிங்கமில்லை என்றால் லயக் காம்பராவும் அசிங்கமில்லை.

இதைவிடக் கனமான கேள்வி ஒன்றை இளைஞர்களே கேட்பீர்கள். லயத்தை விட்டு வெளியே போகத்தான் படிக்கிறோம். அதையே பீடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் போற்றச் சொல்கிறீர்களா? இல்லை. இடிந்த சுவரையும் ஓட்டைக் கூரையையும் தீட்டிய இத்தாலியர்கள் இடிபாட்டைப் போற்றவில்லை. இந்த வீடு நிலைக்கக் கூடாது, புதியது ஒன்று பிறந்துவிட்டது என்பதே அந்த உடைந்த சுவரின் பொருள். உங்கள் குடிலின் சுவரிலும் வெடிப்பு இருக்கட்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை மறக்காதவர்கள் அந்த வெடிப்பை வாசித்துக்கொள்வார்கள். நூறு வருஷத்துக்கு மேல் பழைய காம்பராவில் இன்னமும் பிள்ளைகள் பிறக்கிறார்கள் என்று கோவிலுக்குள் நின்று சொல்வது முறைப்பாடும்தான், செபமும்தான். சொந்தக் காணியும் சொந்த வீடும் கேட்கும் சனங்களுக்கு அந்தக் குடில் துணை நிற்கும். பஞ்சுப் பனி போட்ட குடிலால் அது முடியாது.

இனி என் வேண்டுகோளைத் தெளிவாகச் சொல்கிறேன்.

இந்த வருஷம் உங்கள் குடிலை ஒரு லயக் காம்பராவாகக் கட்டுங்கள். தகரக் கூரை, புகை படிந்த சுவர், இஸ்தோப்பு, அடுப்பு, அதற்குப் பக்கத்தில் கவ்வாத்து மிலாறுக் கட்டு. பஞ்சு வேண்டாம், நம் மலைகளுக்கு நம் மூடுபனி போதும். சுரூபங்களைக் களிமண்ணில் நீங்களே செய்யுங்கள். மாதா தரையில் இருக்கட்டும்; களைப்புத் தெரியட்டும். சூசையப்பர் தூங்கட்டும், அவருடைய கவ்வாத்துக் கத்தி பக்கத்தில் கிடக்கட்டும். பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவிச்சியை வையுங்கள். ஜென்தீலே வைத்தார், நாம் மறந்துவிட்டோம். இடையருடைய இடத்தில் கொழுந்தெடுக்கும் பெண்களை நிறுத்துங்கள். அவர்களில் ஒருத்தி கையை உயர்த்திக் கண்ணை மறைக்கட்டும். அரசர்கள் தூரத்து மலையில் சின்னதாக வந்துகொண்டிருக்கட்டும். அவர்கள் வந்து சேரும் நாள் பிறகு இருக்கிறது.

வெளிச்சத்துக்கு ஒரேயொரு மஞ்சள் பல்பு போதும். அதைத் தீனித் தொட்டிக்குள், குழந்தைக்குப் பின்னால், யாருக்கும் தெரியாதபடி வைத்து எண்ணெய்த் தாளால் மறையுங்கள். மானாப்புல்லும் வைக்கோலும் உள்ள இடத்தில் சுடரைக் கொண்டுபோகாதீர்கள். மற்ற எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, அந்த ஒளி எந்த முகத்தில் எப்படிப் படுகிறது என்று பார்த்துப் பார்த்துச் சுரூபங்களை நகர்த்துங்கள். மாதாவின் நாடியும் கன்னமும் கீழிருந்து வெளிச்சம் வாங்கட்டும். பெண்களின் முதுகும் கூடையும் இருட்டிலேயே இருக்கட்டும். இருட்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள். கொரெஜ்ஜோவின் ஒளி பெரிதாகத் தெரிவது அவர் தீட்டிய இருட்டால்தான். ஒளியைப் பற்றி நான் இதுவரை எழுதிய எல்லாவற்றையும் அந்த அரை மணி நேரத்தில் உங்கள் கண்ணே உங்களுக்குக் கற்றுத் தந்துவிடும்.

மற்றது முகங்கள். ஒவ்வொரு சுரூபத்துக்கும் உங்கள் தோட்டத்தில் உள்ள ஒருவரின் முகத்தைப் பாருங்கள். அவரிடம் போய், கேட்டு, சம்மதம் வாங்கி, எதிரில் இருத்தி வைத்துச் செய்யுங்கள். செய்து முடித்ததும் அவருடைய பெயரைச் சுரூபத்தின் அடியில் எழுதுங்கள். பெயரில்லாத படங்களாக நம் சனங்கள் எஞ்சியது போதும். குடிலைப் பார்க்க வரும் பிள்ளை, மாதாவின் காலடியில் தன் பாட்டியின் பெயரை எழுத்துக்கூட்டி வாசிக்கட்டும்.

பங்குத் தந்தையர்க்கும் பங்குச் சபையாருக்கும் ஒரு சொல். பிள்ளைகள் இப்படிக் கட்ட வந்து கேட்டால் தடுக்காதீர்கள். சோடனைக்கு ஒதுக்கும் பணத்தை அவர்கள் கையில் கொடுங்கள். பழைய சுரூபங்களை எறியச் சொல்லவில்லை. தாத்தாமார் தங்கள் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தவை அவை. அவற்றுக்கு வேறு இடம் கொடுத்து மரியாதையோடு வையுங்கள். சித்திரப்பாட ஆசிரியர்களே, ஜென்தீலேயையும் கொரெஜ்ஜோவையும் கரவாஜ்ஜோவையும் பெயின்ரரையும் வகுப்பில் காட்டுங்கள். கைத்தொலைபேசியில் படம் வரும் காலம் இது. நம் பிள்ளைகள் பார்த்ததில்லை என்று சொல்ல இனிச் சாக்கு இல்லை.

தம்பி, தங்கைகளே, இதைச் செய்யப் பெரிய காசு வேண்டாம், யாருடைய உத்தரவும் வேண்டாம். களிமண் நம் மண். முகங்கள் நம் முகங்கள். வெளிச்சம் ஒற்றைப் பல்பு. ஃபுளோரன்ஸிலும் மெசீனாவிலும் ஊர் ஏழைகளுக்கு ஓவியர்கள் கொடுத்த இடத்தை நம் ஏழைகளுக்கு நாம்தான் கொடுக்க வேண்டும். வேறு யாரும் வந்து கொடுக்கப் போவதில்லை. இந்த நத்தாருக்கே தொடங்குங்கள்.

அன்புடன்,
மலையகத்தான் ஒருவன்